நோன்பில் மட்டும் தெரிந்த இரத்தம்

"இதுதான் மொதல் தடவ, டொக்டர்," என்றார் என் கணவர். இப்படி இரத்தம் போவது எத்தனையாவது தடவை என்று டொக்டர் சுரேகா கேட்டது என்னை. முப்பத்தைந்து வருடமாக யார் என்னிடம் எதைக் கேட்டாலும் இவர், மிளகு வியாபாரி புஹாரி ஹாஜியார்தான் பதில் சொல்வார். மிளகு விலையும் அவருக்குத்தான் தெரியும், என் உடம்பும் அவருக்குத்தான் தெரியும்.

எனக்கு மாதவிடாய் நின்று எட்டு வருடம். இந்த ரமழானில் இரத்தம் பட்டது. இரத்தம் பட்டால் நோன்பு கூடாது என்பதால் நான் பிடிக்காமல் விட்டதைக் கண்ட பிறகுதான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. மற்ற மாதங்களில் எனக்கு என்ன போனாலும் கவனிக்க அங்கே ஆளில்லை. அவருடைய தங்கை மஸீஹா சிரித்தாள். "மதினிக்கு வயசு திரும்புது. பேசாம மிச்ச நோன்பையும் விடுங்க, பொறகு பிடிக்கலாம்." விட்டேன். இரத்தம் நின்றபாடில்லை. என் சாச்சி, உம்மாவின் தங்கை, கருப்பைப் புற்று வந்துதான் உயிர் போய் மௌத்தானார். அந்தப் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"வயித்துக்கு மேலால ஸ்கேன் எடுத்தாப் போதும்தானே?" என்றார் இவர். உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் என்று டொக்டர் சொன்னதுமே இவர் முகம் சுருங்கிவிட்டது. யாருக்கு வைக்கப் போகிறார்கள் என்று நினைத்தாரோ!

டொக்டர் பொறுமையாகச் சொன்னார். "மேலால எடுத்தா சரியாத் தெரியாது. ஒரு தடவதான்னா உள்ளால ஸ்கேன் பாப்போம். கருப்பையோட உள்தோல் மெல்லிசா இருந்தா பொறுத்துப் பாக்கலாம். திரும்பத் திரும்ப வந்திருந்தா அது மட்டும் போதாது. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். புற்றா இல்லையான்னு அப்பதான் தெரியும்."

"ஒரு தடவதான்," என்றார் இவர் மறுபடியும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது மூணாவது, டொக்டர். முந்தி ரெண்டு தடவையும் நோன்பு மாசமில்ல. அதான் இவருக்குத் தெரியல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னேன். நீங்க மிளகு நிறுத்துக்கிட்டு இருந்தீங்க. சூடு, இளநி குடின்னு சொன்னீங்க."

இவர் டொக்டர் பக்கம் திரும்பினார். "அப்ப பெருநாள் முடியட்டும், டொக்டர். சதைய அப்புறமா எடுப்போம்," என்றார்.

"இன்னைக்கே எடுங்க," என்றேன் நான்.

எழுந்து போய்க் கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன். தாதி திரையை இழுத்துவிட்டாள். திரைக்குக் கீழே அவருடைய சப்பாத்து தெரிந்தது. வாசல் பக்கம் போனது. நின்றது. பிறகு அதன் முனை மெல்ல என் பக்கம் திரும்பியது.