விசாலாக்ஷி வீட்டு வாசலில் ஏழிலம்பாலை

கிரகப்பிரவேசத்துக்குப் போகிறவர்கள் வெள்ளிக் கிண்ணம் கொண்டுபோவார்கள், ரவிக்கைத் துணி கொண்டுபோவார்கள். ருக்கு ஒரு மரக்கன்றைக் கொண்டுபோனாள். அதுவும் என்ன கன்று! ஏழிலம்பாலை.

பம்பாயில், செம்பூரில் புது வீடு கட்டிக்கொண்டு போன விசாலாக்ஷி தஞ்சாவூர்க்காரி. அவளுக்கு அந்த மரத்தைப் பற்றி என்ன தெரியும்? மழைக்காட்டு மரம், பெரிய பங்களாக்களில் அழகுக்கு வளர்க்கிறார்கள், காம்புக்கு ஏழு இலை, அடுக்கடுக்காகக் குடை விரிக்கும் என்று நர்சரிக்காரன் சொன்னதை ருக்கு அப்படியே ஒப்பித்தாள். பாலக்காட்டில் பிறந்தவள், அந்த ஊரார் சொல்வதை மட்டும் வெளியே விடாமல் விழுங்கிவிட்டாள். பாலையில் யட்சி என்கிற பெண்பேய் குடியிருப்பாள். அது நிற்கிற வாசலுக்கு வாழவந்த பெண்ணுக்குக் கர்ப்பம் தங்காது. அந்த வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

"கேட்டுக்குப் பக்கத்துலேயே வைப்போம் மாமி. வர்றவா கண்ணுலே படணுமாக்கும்" என்று சொல்லித் தன் கையாலேயே மண் தள்ளினாள்.

ஏன் இத்தனை வன்மம் என்றால், வன்மம் வராமல் வேறு என்ன வரும்? முன்பு மாட்டுங்காவில் இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில் எதிரெதிர் வீடு. ருக்குவின் மகள் ஷ்யாமளாவுக்குத் திகைந்த வரன், நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் நின்றுபோனது. பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று பிள்ளை வீட்டாரிடம் யாரோ ஓதியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ! அதே பிள்ளைக்கு அடுத்த முகூர்த்தத்திலேயே தன் தங்கை மகளைக் கட்டிவைத்தாள் விசாலாக்ஷி. கல்யாணப் பத்திரிகையையும் கூசாமல் நேரில் வந்து நீட்டினாள். ருக்குவுக்கு வயிறு பற்றி எரிந்தது. சண்டை பிடித்தால் வலிப்புப் பேச்சு ஊரெல்லாம் பரவும். அதனால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். என் பெண்ணின் வாழ்வை அடைத்தாய் அல்லவா, உன் பிள்ளையின் வாழ்வை நான் அடைக்கிறேன் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டாள்.

பம்பாய் மழைக்கு மரம் கிடுகிடுவென்று வளர்ந்தது. விசாலாக்ஷியின் மகன் ஜகந்நாதனுக்கு டிராம்பேயில் அணுசக்தி வேலை, சொந்த வீடு, ஒரே பிள்ளை, ஜாதகங்கள் குவிந்தன. ஆனால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பெண் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் பாலக்காட்டார். மீதிப் பேர் அவர்களை விசாரித்துவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார்கள். வந்தவர்கள் கேட்டருகே அண்ணாந்து பார்த்தார்கள். காபி குடித்தார்கள். ஜாதகம் சேரவில்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

ஒவ்வொரு வரனும் தட்டிப்போன செய்தி பஜனைக்கு வருகிறவர்கள் மூலம் ருக்குவின் காதுக்கு வரும். அன்றைக்கு வீட்டில் பாயசம்! "பாவம், எத்தனை தங்கமான பிள்ளை!" என்று உச்சுக்கொட்டியபடியே ஏலக்காய் தட்டுவாள். ஃபோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை முடிந்து ரயிலில் கசங்கி வரும் ஷ்யாமளா, என்ன விசேஷம் என்று கேட்பாள். ருக்கு பாயச டம்ளரை நீட்டுவாள். கணவர் சுப்ரமணியன் எதையும் கேட்க மாட்டார். வரன் பார்ப்பதெல்லாம் ருக்குவின் பொறுப்பு.

அறுபத்தேழில், தீபாவளிக்கு முன்பு மரம் முதல் தடவையாகப் பூத்தது. தெரு முழுக்கத் தலையை வலிக்கும் வாசனை. அந்த வாரமே விசாலாக்ஷி தாம்பூலத் தட்டோடு மாட்டுங்காவுக்கு வந்துவிட்டாள்.

"சுத்தி வளைக்காம கேக்கறேன் மாமி. ஷ்யாமளாவை என் பிள்ளைக்குக் கொடுங்கோ. மரத்துலே யட்சி இருக்காம், எவளும் வரமாட்டேங்கறா. வெட்டலாம்னா இவன் விடலை. மரத்துக்குப் பயப்படற பொண்ணே வேண்டாங்கறான். நீங்க உங்க கையாலே வச்சது. கெடுதல்னா வச்சிருப்பேளா?"

இதற்காகத்தானே ருக்கு காத்திருந்தாள்!

"வலிப்புக்காரியையா உங்க பிள்ளைக்குக் கேக்கறேள்?"

விசாலாக்ஷியின் முகம் வெளுத்தது. "அது பொய். சொன்னவளே நான்தானே? தங்கை பொண்ணு கரையேறணும்னு அப்படிப் பண்ணிட்டேன். மன்னிச்சுடுங்கோ மாமி."

அடடா, அதைக் கேட்க எப்படி இனித்தது! அந்த நிமிஷமே, பெண் தர முடியாது என்று சொல்லி எழுந்திருந்தால் ஜெயம் ருக்குவுடையது. ஆனால் சமையலறை வாசலில் ஷ்யாமளா காபியோடு நின்றாள். அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி. இத்தனை வருஷத்தில் ருக்கு பார்க்காதது. அவள் மாலையும் கழுத்துமாக, பூத்த பாலைக்கு அடியில் நுழைவதை ருக்கு நினைத்துப் பார்த்தாள். அந்த வீட்டில் தொட்டில் ஆடக்கூடாது என்று வேண்டிக்கொண்டு மண் தள்ளியவள் ருக்குவேதான்.

"மரத்தை வெட்டணும்!" என்று கத்தினாள். "அது நிக்கற வரைக்கும் என் பொண்ணு அந்தப் படி மிதிக்க மாட்டா. அவளைக் கொன்னுடும்!"

"அப்போ... தெரிஞ்சேதான் வச்சேளா?"

"தெரிஞ்சேதானாக்கும்! உன் வம்சம் தழைக்கப்படாதுன்னாக்கும் வச்சேன்!"

ஷ்யாமளா காபியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, அவா வாசலுக்கு வந்த ஒவ்வொரு பொண்ணோட பேரும் உனக்குத் தெரியும். எனக்குன்னு எத்தனை ஜாதகம் வாங்கிண்டு வந்தே?"

ருக்கு மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். நின்றுபோன அந்த ஒரு வரனுக்குப் பிறகு அவள் ஒரு ஜாதகம்கூட வாங்கவில்லை.

"மரத்தை வெட்ட வேண்டாம் மாமி" என்றாள் ஷ்யாமளா. "நான் வரேன்."

தாம்பூலத் தட்டைத் தானே குனிந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.