மணிக்கூட்டில் நின்றுபோன கடிதம்

காலை எட்டரை மணிக்கு றொசானா தன் இடக்கையை முகத்துக்கு நேரே தூக்கி, மணிக்கூட்டின் கண்ணாடியை மூக்கு நுனியால் தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை. இன்னொருதரம் தள்ளினாள். அதில் வந்திருந்த செய்தியின் எழுத்துகள் காய்ந்த பொருக்குப்போல அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றன.

மூக்கால் தள்ளுகிறாளே என்று சிரிக்காதீர்கள். பதினொரு வருசமாக நண்டுக் கம்பனியில் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிறவள். ஓடு கீறிக் கீறி விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிற்று. அந்த விரலை இந்தச் சின்னக் கண்ணாடி விரலென்றே மதிப்பதில்லை. மூக்கைத்தான் மதிக்கும். வேலை மேசையில் பக்கத்தில் இருக்கிற ஜெயனி ஒருநாள் இதைக் கண்டுவிட்டு, "றொசானாக்கா, மணி பாக்கிறியளோ, மணிக்கூட்டைக் கொஞ்சுறியளோ?" என்று கேட்டு மேசை முழுவதையும் சிரிக்கவைத்தாள்.

மணிக்கூடு தம்பி ஜோன்சனுடையது. மாசி மாதம் அவளுக்குப் பிறசர் கூடி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து வந்தபோது, தன் கையிலிருந்து கழற்றி அவள் கையில் கட்டிவிட்டான். "நெஞ்சு ஓடுற ஓட்டம் இதில தெரியும் அக்கா. கூடினா உடன என்னைக் கூப்பிடுங்கோ." கழற்றிக் கட்டினானே தவிர, தன் போனோடு அதற்கிருந்த தொடுப்பை அறுக்க அவனுக்குத் தோன்றவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவன் வீடு. முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு அவன் இருந்தால், அவனுக்கு வருகிற செய்தியெல்லாம் இவள் கையிலும் வந்து துடிக்கும்.

அவள் ஒன்றையும் வாசித்ததில்லை. தொண்ணூறாம் ஆண்டு எட்டு வயதுத் தம்பியை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வள்ளம் ஏறியவள், தமிழ்நாட்டு முகாமில் பதினாலு வருசம் இருந்தாள். அங்கே கடிதங்கள் அதிகாரிகள் உடைத்து வாசித்து ஒட்டிய உறையோடுதான் கைக்கு வரும். அந்தக் கூச்சம் அவளை விட்டுப் போகவில்லை. மணிக்கூடு துடித்தால் கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் தள்ளிவிடுவாள். தம்பியிடம் சொல்லவுமில்லை. துடித்தால் ஜோன்சன் வீட்டில் நிற்கிறான் என்று அர்த்தம். அது ஒரு தைரியம்.

இன்றைக்கு அது போக மறுத்தது. மடக்கிய விரல் மொளியால் தட்டினாள். பழைய சீத்தைத் துணியால் துடைத்தாள். பக்கத்துப் பொத்தானில் நண்டுத் தண்ணீர் உப்பாக இறுகியிருந்தது. ஊசி எடுத்துக் கிண்டி, பொத்தானை அமத்திப் பிடித்தாள். கண்ணாடி கறுத்தது. தொலைந்தது என்று மூச்சு விட்டாள். அரை நிமிசத்தில் அது முழித்து, ஒருதரம் குலுங்கி, திரும்பவும் அதே எழுத்துகளைக் கொண்டுவந்து காட்டியது. சார்ஜ் வயரில் மாட்டினாள். மூலையில் ஒரு மின்னல் குறி வந்தது. அதன் கீழே அதே எழுத்து. இனி எதை அமத்துவது என்று பார்க்க மூக்குக்கண்ணாடியைப் போட்டாள். போட்ட கண் வாசித்துவிட்டது.

சுபாஸ் புறோக்கர் அனுப்பியிருந்தான். 'அண்ணை, மண் கம்பனிக்காரர் பத்து மணிக்கு நொத்தாரிசிட்ட வருவினம். அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கையெழுத்து விழுமட்டும் கிணத்து உதவி எண்டே சொல்லுங்கோ.'

றொசானா கட்டிலில் இருந்தாள்.

கரையோரப் பனங்காணி, ஒன்றரை ஏக்கர். தாய் இருவர் பேரிலும் எழுதிவைத்துவிட்டுப் போனது. இவள் கையெழுத்து இல்லாமல் அசையாது. கடற்கரை மண்ணை அள்ளிப்போக மண் கம்பனி வந்து இந்தத் தீவெல்லாம் குழாய் இறக்கித் துளை போட்ட வருசம், ஊர்ச்சனம் மடுக் கோயிலுக்குப் போய் மாதா சந்நிதி மண் எடுத்துவந்து, விற்கமாட்டோம் என்று சொல்லி அவரவர் காணியின் நாலு மூலையிலும் குழி தோண்டித் தாட்டது. இவர்கள் காணியில் தாட்டவன் ஜோன்சன். ஊர்க் கூட்டத்திலும் அவன் குரல்தான் பெரிசு. "மண்ணைக் குடுத்தா கடல் வீட்டுக்குள்ள வரும்" என்று கத்தி, தொண்டை கட்டி, இவள் கையால் கொத்தமல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தவன். போன கிழமை வந்து, வெளிநாட்டு உதவியில் காணிக்குள் கிணறு கட்டித் தருகிறார்கள், இரண்டு பேரும் ஒப்பம் வைக்கவேணும் என்றபோது, இவள் சந்தோசத்தில் அவனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

ஒன்பதரைக்கு மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது.

"அக்கா, வெளிக்கிட்டாச்சோ?"

"ஓம். தம்பி, இதை ஒருக்காப் பார். காலமை துவக்கம் இறுகிப்போய் நிக்குது." மூக்குக்கண்ணாடியைக் கைப்பைக்குள் தள்ளிவிட்டு, கையை நீட்டினாள். "கண்ணாடியையும் எங்கயோ வச்சிட்டன். என்ன எழுதிக் கிடக்கெண்டு வாசி."

அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினான். பெருவிரல் மணிக்கூட்டுக் கண்ணாடிக்கு மேல் போய் அங்கேயே நின்றது.

"இது... சுபாஸ். பத்து மணிக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு போட்டிருக்கிறான்."

"அவ்வளவுதானோ? நாலைஞ்சு வரி மாதிரிக் கிடக்கு."

"கிணத்துக் கதைதான் அக்கா." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "நீங்கள் வாசிக்கேல்லையோ?"

"உன்ர கடிதத்தை நான் ஏன் தம்பி வாசிக்கிறன்?"

ஒரு மணித்தியாலத்துக்கு முன்பு வரைக்கும் அது உண்மைதான்.

அவன் போனை எடுத்துத் தடவினான். அவள் கையில் எழுத்து மறைந்து வெறும் மணி வந்தது. "இந்தா, போச்சு. என்ர போனோட தொடுப்பு இருந்திருக்கு. அறுத்துவிட்டிட்டன். இனி ஒண்டும் வராது."

"கெட்டிக்காரன்," என்றாள் றொசானா. கதவைப் பூட்டினாள்.

ஏன் போனாள் என்று கேட்பீர்கள். காணி உறுதி எழுதுகிற நொத்தாரிஸ் அதை வாசித்துக் காட்டாமல் ஒப்பம் வாங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவர் வாசிக்கிற நேரம் தம்பி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான் என்று பார்க்கவேணும்போல இருந்தது. அதற்கு முன்னால், வழியிலேயே மோட்டார் சைக்கிளை ஓரமாக்கி அவனே சொல்லிவிடுவான் என்றும் ஒரு ஆசை.

அவன் சொல்லிக்கொண்டுதான் வந்தான். கிணற்றைப் பற்றி. பத்தடியில் நல்ல தண்ணி வரும், சீமெந்து வளையக் கொட்டு இறக்கினால் போதும், பக்கத்தில் தோடை மரம் இரண்டு வைப்பம், உங்களுக்குக் குளிக்க ஒரு மறைப்பும் கட்டுவம் என்று காற்றுக்கு மேலால் சத்தம் போட்டுச் சொன்னான். குளிக்கிற மறைப்புக்குத் தகரமா ஓலைக் கிடுகா என்றுகூடக் கேட்டான். "கிடுகு," என்றாள் அவள்.

பின்சீற்றில் இருந்தால் தம்பியின் தோளைப் பிடிப்பதுதான் அவள் வழக்கம். இன்றைக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்திருந்தாள். மணல் ஒழுங்கை முடிந்து தார் றோட்டில் ஏறுகிற மேட்டில் சில்லு சறுக்கி, வண்டி ஒருபக்கம் சரிந்தது. அவள் கை தானாகவே முன்னுக்குப் போனது. போய், தோளுக்கு நாலு விரற்கடை இந்தப் பக்கம் நின்றுவிட்டது. காற்றில் ஊதிப் புடைத்த அவன் சேட்டு, அந்த மரத்த விரல்களில் படுவதும் விலகுவதுமாக இருந்தது.