முதல் எழுத்து விட்டுப்போன பாறை

1

இந்தக் கதை ஓர் எழுத்துப்பிழையில் பிறந்தது. பிழை என்னுடையதுதான். நான் பஸ் போர்டு பார்த்து எழுத்துக் கற்றவள். எந்த பஸ்ஸும் எனக்காக நின்று சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் என் 'உ' இன்றைக்கும் ஓடுகிற ஓட்டத்தில் 'கு' மாதிரி இருக்கும்.

சோழவந்தானுக்கு மேற்கே, வைகைக்குள் ஒரு பாறை. (ஊர்ப்பெயர் கேட்காதீர்கள் கண்ணுகளா, ஒளித்துவைத்திருக்கிறேன்.) யானை படுத்தது போல இருக்கும், நடுவில் பெரிய திமில். (யானைக்கு ஏது திமில்? சரி, காளை படுத்தது போல.) திமிலுக்கு மேல்புறம் ஒரு குழி, கீழ்ப்புறம் ஒரு குழி. வெள்ளத்தில் சுழன்ற கூழாங்கற்கள் குடைந்தவை. உரல் மாதிரியே வழவழவென்று இருக்கும். மீனாட்சி கல்யாணத்துக்கு வைகையம்மா மஞ்சள் இடித்த உரல்கள் என்று அங்கே சொல்கிறார்கள். புதுத்தண்ணீர் கலங்கி வருவது அந்த மஞ்சள் கரைவதால்தானாம்.

அதைக் கேட்டு 'உரல்பாறை' என்று கதை எழுதினேன். தல்லாகுளத்தில் அச்சகம் வைத்திருக்கும் மொக்கைச்சாமி, என் கையெழுத்தை நம்பி, 'குரல்பாறை' என்று அச்சடித்துவிட்டார்.

படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? குரல்பாறை என்றால் பேசத்தானே வேண்டும் என்று மேல்குழிக்குள் தலையை விட்டுப் பேசியிருக்கிறார்கள். கீழ்க்குழியில் கேட்டிருக்கிறது! இரண்டுக்கும் அடியில் துளை இருந்தது எனக்கா தெரியும்? அன்றிலிருந்து முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எல்லாரும் அங்கே போய்ச் சொல்கிறார்கள்.

2

இரண்டாம் பதிப்புக்கு நாள் வந்தது. "அக்கா, உரலா குரலா? இன்னைக்கே சொல்லிருங்க," என்றார் மொக்கைச்சாமி. பாறையையே பார்த்துக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினேன். அந்தப் பயணத்தை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

சித்திரை வெயிலில் வைகை வெள்ளிச் சரிகையாக மின்னி

(பொய். வைகையில் மணலும் கோரையும்தான் இருந்தன. அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையில் திறந்த தண்ணீர் அன்று மதியம் வரும் என்று பேச்சு. வந்தால் குழிகள் நிறைந்துவிடும். பாறை வாயை மூடிக்கொள்ளும்.)

இன்னொரு தொடக்கம்:

ஒச்சாயி ஒரு பாவப்பட்ட

(இதை அவள் படித்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.)

நேராகவே சொல்கிறேன். நான் போனபோது ஒச்சாயி மேல்குழி ஓரம் குப்புறப் படுத்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் துணிப்பை. மகளுக்குக் காதுகுத்து என்று வீடு வீடாக வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரே ஒரு வீடுதான் பாக்கி. அண்ணன் அழகுராஜா வீடு.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? மூன்று வருடத்துக்கு முன்னால் இதே காதுகுத்துக்கு அண்ணன் வீட்டை வாட்ஸப்பில் அழைத்தாள். "வெத்தல பாக்கு வைக்காத விசேசத்துக்கு எங்க வீட்டுக் காலு வராது," என்றுவிட்டாள் அண்ணன் மனைவி முத்துமீனா. மாமன் வரவில்லை. பிள்ளை குத்தாத காதோடு திரும்பியது. அதோடு இரண்டு பெண்களுக்கும் பேச்சு நின்றுபோனது. பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்துக்கு ஸ்டிக்கர் தோடு ஒட்டிக்கொண்டு போகிறது. வியர்த்தால் தோடு கன்னத்துக்கு இறங்கிவிடுகிறதாம்.

முத்துமீனாவுக்கு வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. கீழ்க்குழியை ஒட்டிய ஊற்றில் வெற்றிலை அலச அந்த நேரத்துக்கு வருவாள். அது ஒச்சாயிக்குத் தெரியும்.

3

நான் திமிலில் ஏறி நின்றேன். எனக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள். நடுவில் திமில் மறைத்ததால் அவர்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

"ஏ பாறை, எங்க மதினிகிட்டச் சொல்லு. வைகாசி மூணாந்தேதி, அழகர்கோவில்ல காதுகுத்து."

முத்துமீனா கூடையை வைத்துவிட்டுக் குழிக்குள் குனிந்தாள்.

"ஏ பாறை, அப்ப போன்ல சொன்னா. இப்பக் கல்லுகிட்டச் சொல்லி விடுறாளாக்கும்? அடுத்து காக்காகிட்டச் சொல்லி விடுவாளா?"

"ஊரு பூராவுக்கும் போன்லதேன் சொன்னேன். அவுகளுக்கு மட்டுமா?"

"ஊரும் மதினியும் ஒண்ணான்னு கேளு."

(இந்த இடத்தில் ஒரு பத்தி விளக்கம் எழுதி அடித்துவிட்டேன். உங்களுக்கே புரியும்.)

ஒச்சாயி மேல்குழிக்குள் இன்னும் ஆழமாகத் தலையை விட்டாள். அவள் குரல் கீழே இறங்கியது. "ஒண்ணு இல்லதேன். தப்புதேன். பிள்ள தெனமும் கேக்குது, மாமன் மடி எப்பன்னு. மதினி வருவாகளா மாட்டாகளா, அத மட்டும் கேட்டுச் சொல்லு."

முத்துமீனா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து என் போன் அலறியது.

"அக்கா, மிஷின் ஓடப்போகுது. உரலா குரலா?"

"ஏய் மொக்கை, செத்த இருப்பா!" என்று கத்தினேன். அதற்குள் முத்துமீனாவின் பதில் குழிக்குள் போய்விட்டது. கூடவே அணைத் தண்ணீரும். குழிகள் களக் களக்கென்று குடித்தன. ஒச்சாயி நனைந்த காதோடு எழுந்தாள்.

"பெரியம்மா, என்ன சொன்னாக?"

எனக்குக் கேட்கவில்லை கண்ணுகளா. ஊர்க்கதை எல்லாம் ஒட்டுக்கேட்ட காது, அன்றைக்குப் போனில் இருந்தது.

4

கணுக்கால் தண்ணீர்தான். இருந்தாலும் இரண்டு பேரும் திமிலுக்கு ஏறி வந்தார்கள். மூன்று பேர் நிற்கத்தான் இடம். முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமில்லை.

முடிவு அ: கட்டிப்பிடித்து அழுதார்கள். (முத்துமீனா இடுப்பில் கூடை. எப்படிக் கட்டிப்பிடிப்பது?)

முடிவு ஆ: கரையிலிருந்து பிள்ளை "அத்தே" என்று கூப்பி (பிள்ளை அப்போது டியூஷனில் இருந்தது.)

நடந்தது இதுதான். ஒச்சாயி பைக்குள் கையை விட்டாள். ஊருக்கெல்லாம் வைத்தது போக மிஞ்சியது ஒரு பாக்கும் ஒரே ஒரு வெற்றிலையும். சுபகாரியத்துக்கு ஒற்றை வெற்றிலை வைப்பார்களா? கையில் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். எதிரே முத்துமீனாவின் கூடை நிறைய வெற்றிலை, மேலே ஈரத்துணி.

"அதையும் நானே குடுத்து, நானே வாங்கிக்கிறவாடி?" என்றாள் முத்துமீனா.

பாறையைக் கூப்பிடாமல் சொன்னாள். அவள் கை ஈரத்துணிக்குப் போனது. விலக்கவா, இழுத்து மூடவா?

இங்கே நிறுத்துகிறேன். மொக்கைச்சாமி லைனிலேயே இருந்தார். முதல் எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னேன்.

"வெறும் ரல்பாறைன்னா சிரிப்பாகளே அக்கா?"

"சிரிக்கட்டும்ப்பா. அதுக்குத்தேன் எழுதுறது."

ஆகவே உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கும்:

____ரல்பாறை

துணி மூடியது என்றால் 'உ' போடுங்கள். அது பழையபடி உரல், பேசாது. விலகியது என்றால் 'கு'. பேனா வேண்டாம், பென்சில் எடுங்கள். மதினிமார் மனசு மாறும். எழுதுவதற்கு முன்னால், கன்னத்துக்கு இறங்கிய அந்த ஸ்டிக்கர் தோட்டை மட்டும் ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள்.