விழுங்காமல் ஒரு வாய்

கறுப்பென்றுதான் முதலில் தோன்றுகிறது, பிறகு எழில் கோப்பையைச் சன்னல் பக்கம் நகர்த்துகிறாள், இங்கிலாந்து யார்க்‌ஷயரின் மெலிந்த பிற்பகல் வெளிச்சம் உள்ளே புகுந்ததும் அடியில் ஒரு சிவப்பு விழித்துக்கொள்கிறது, மேலே பழுப்பு நுரை அசையாமல் நிற்கிறது, இது ஏல்னு ஒரு பீர்ப்பா, பழைய முறையில காய்ச்சுறது, சாதா பீரை விட ரொம்ப வீரியம், அதான் அரை கிளாஸ், என்று சொல்லிவிட்டுத் தனக்கும் ஒன்று வாங்க அவள் கவுண்டருக்குப் போகிறாள், நான் என் மகளோடு மதுக்கடைக்கு வந்திருக்கிறேன், கணவன் பிரசன்னாவை விட்டுத் தனியே வந்துவிட்டவளைத் திரும்பவும் அவனிடம் போகச் சொல்லத்தான் அவள் அம்மா கனகம் என்னை விமானம் ஏற்றி அனுப்பினாள், இன்னும் சொல்லவில்லை, எழில் திரும்பி வருவதைப் பார்த்ததும் கை தானாகக் கோப்பையை எடுத்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டேன், ஒரே மடக்கு, காலிக் கோப்பை மேசைக்குக் கீழே போயாயிற்று, அப்படித்தானே எத்தனையோ வருடம், ஊரில் நண்பன் செல்லையாவின் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் பின்னால், செப்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவில் நின்றபடியே, நாக்கில் படாமல் நேரே தொண்டைக்கு, பிறகு வாயில் கிராம்பு, சீக்கிரம்டே, ஆள் வருது என்பான் செல்லையா, யாரும் வந்ததில்லை, இப்போது இந்த மரபெஞ்சில் அவனே பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல இருக்கிறது, இருமலில் கண்ணில் தண்ணீர் வருகிறது, அப்பா, இங்க யாரும் பிடுங்கிட்டுப் போகமாட்டாங்க, எழில் சிரித்தபடி தன் கோப்பையை என் பக்கம் தள்ளுகிறாள், வாயில கொஞ்ச நேரம் வச்சிருங்க.

வைத்திருக்கிறேன், கருகின வெல்லப்பாகு, பிறகு உலர்ந்த திராட்சை, ரொட்டியின் தீய்ந்த ஓரம், எல்லாம் போன பின் நாக்கின் அடியில் ஒரு கசப்பு மெல்ல வந்து உட்கார்கிறது, அது எழுந்து போவதாக இல்லை, எழில் மழையைப் பார்க்கிறாள், நானும் பார்க்கிறேன், ஊரில் வீட்டு கேட்டை நான் தட்டும்போதெல்லாம் அவள்தான் வந்து திறப்பாள், பள்ளிச் சீருடையில், பாவாடையில், நினைவு குழம்பி ஒருமுறை இப்போது போட்டிருக்கும் இந்தக் கம்பளிக் கோட்டோடேயே திறக்கிறாள், கிராம்பு வாசனை வந்தாலே நீங்க குடிச்சிருக்கீங்கன்னு தெரியும்பா, என்கிறாள், அம்மாகிட்ட ஒருநாளும் சொன்னதில்ல, ஏம்மா என்கிறேன், நீங்களே சொல்வீங்கன்னு விட்டுட்டேன், கோட்டின் பொத்தானைத் திருகுகிறாள், பிரசன்னா அடிக்கிறதெல்லாம் இல்லப்பா, பேசமாட்டான், மாசக்கணக்கா, அந்த வீட்டுல நான் இல்லவே இல்லாத மாதிரி, நாம கூடத்தான் பேசுறதில்லையேம்மா என்கிறேன், அது வேறப்பா, நீங்க பேசாம இருந்தாலும் கூட இருப்பீங்க.

போன் அடிக்கிறது, திரையில் கனகத்தின் முகம், என் கை கோப்பையை மறைக்கப் போகிறது, எழில் அந்தக் கையையே பார்க்கிறாள், எங்க இருக்கீங்க, என்ன ஒரே இருட்டா இருக்கு, சொன்னீங்களா அவகிட்ட, ஊமையாட்டம் உட்காராதீங்க, கை கோப்பையைப் பிடித்தபடியே நின்றுவிட்டது, நுரை அடங்கிவிட்டது, என் கைச்சூடு ஏறிக் கண்ணாடி வெதுவெதுப்பாக இருக்கிறது, அதைத் தூக்கித் திரைக்கு நேரே பிடித்தேன், எழில்கூட உட்கார்ந்து குடிச்சிட்டிருக்கேன் கனகம், அவ அங்க போகவேண்டாம், நான் போகச் சொல்லமாட்டேன், என்றேன், இன்னொரு வாய் எடுத்துக்கொண்டு, விழுங்காமல், கனகம் பேசட்டும் என்று இருக்கிறேன்.