எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்

கதவைத் திறந்தால் மிஸஸ் ஹாலரன் நிற்கிறாள். கையில் கப்கேக் பெட்டி, முகம் கொள்ளாத சிரிப்பு. பிரையர்வுட் பள்ளியின் தலைமையாசிரியை, லிஃப்ட் வேலை செய்யாத எங்கள் கட்டடத்தில் மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள்.

"எங்க ஸ்கூலைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்களே?" என்றாள்.

சீ! என்னை அடையாளமே தெரியவில்லை அவளுக்கு.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பள்ளியில் இடம் கொள்ளவில்லை. கார் நிறுத்துமிடத்தில்கூடத் தகர வகுப்பறைகள் போட்டிருந்தார்கள். பள்ளி வட்டாரத்தின் எல்லை எங்கள் தெருவோடு முடிகிறது; எதிர்ச்சாரி உள்ளே, நாங்கள் வெளியே. உள்ளே குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இடம். எதிர்ச்சாரியில் இருந்த என் தங்கை வீட்டு முகவரியைக் கொடுத்துத்தான் என் மகள் டெஸ்ஸாவைச் சேர்த்திருந்தேன். வேறென்ன செய்ய? எங்கள் பக்கத்துப் பள்ளியில் பாதி வருஷம் கணக்கு டீச்சரே கிடையாது. பொய் முகவரி கொடுத்தவர்களைப் பிடிக்க பிரையர்வுட்காரர்கள் ஒரு ஆளை வைத்தார்கள். அவன் விடிகாலையில் காரில் உட்கார்ந்து, என் பிள்ளை இந்தக் கட்டடத்திலிருந்து பையோடு இறங்குவதைப் படம் பிடித்தான். ஆறு வயசுத் திருடி! பாடம் நடக்கும்போதே அவளை எழுப்பி வெளியே அனுப்பினார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இந்த மகராசிதான்.

அதோடு விட்டார்களா? பிரையர்வுட் பகுதியில் அடுக்குமாடி வந்தால் பள்ளியில் பிள்ளைகள் பெருகிவிடும் என்று அங்கே வீடு வைத்திருப்பவர்கள் ஊர்க்கூட்டத்துக்கு ஊர்க்கூட்டம் மைக்கைப் பிடித்துக் கத்தி, ஒன்றையும் கட்ட விடவில்லை. இப்போது அந்தப் பெரிய வீடுகளில் கிழவனும் கிழவியும் ஒரு நாயும்தான். சின்னக் குடும்பங்களுக்கு அங்கே வீடு வாங்கக் கட்டுப்படியாகாது. பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்களாம். காரியம் ஆகவேண்டுமென்றால் கழுதையின் காலையும் பிடிப்பார்கள். இதில் கழுதை நாங்கள்.

"இப்ப எல்லையெல்லாம் பாக்கறதில்லைங்க. எந்தத் தெருவா இருந்தாலும் சேத்துக்கறோம்."

"எம் பொண்ணைச் சேத்துட்டுத்தான் தொரத்துனீங்க. டெஸ்ஸா. ஒண்ணாங்கிளாஸ்."

சிரிப்பு லேசாகச் சரிந்தது. "அது அப்ப இருந்த விதிங்க. என் கையில என்ன இருந்துச்சு?"

"கதவு இருந்துச்சு."

முகத்தில் அறைகிற மாதிரி சாத்தியிருப்பேன். டெஸ்ஸா வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"இரும்மா. அங்க கணக்கு டீச்சர் இருக்காங்களா, கேளு."

பின்னம் புரியாமல் போனில் வீடியோ பார்த்து, அதுவும் புரியாமல் தினம் அழுகிற பிள்ளை. அவளுக்காக இந்தச் சிரிப்பையும் நான் முழுங்கித் தொலைக்க வேண்டும். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"ரெண்டு பேர் இருக்காங்க கண்ணு," என்றாள் மிஸஸ் ஹாலரன்.

டெஸ்ஸா அவளையே பார்த்தாள். "ஸ்கூல் மறுபடி ரொம்பிட்டா, என்னை வெளிய அனுப்பிடுவீங்களா?"

மிஸஸ் ஹாலரன் கப்கேக் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நீட்டினாள். கீழ்மாடியில் அவளோடு வந்த டீச்சர் யார் வீட்டு வாசலிலோ சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பஸ்ஸு உங்க கட்டடத்து வாசலுக்கே வரும்ங்க!"