ஏசி பூட்டின ஒஸ்ரின்

அருளம்பலம் அந்தப் பழைய ஒஸ்ரின் காரை வாங்கியதே அதற்குள் தொங்கிய ஏசிப் பெட்டிக்காகத்தான். எழுபதுகளில் யாரோ ஒரு டாக்குத்தர் அதைத் தனியாக வாங்கி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பொருத்திப் பூட்டியிருந்தார். கொடிகாமத்தில் ஏசி வைத்த ஒஸ்ரின் வேறு ஒருவரிடமும் இல்லை. அது வேலை செய்யவில்லை என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அருளம்பலம் ஊருக்குச் சொல்லிவிட்டார்.

“குளிர் வேணுமெண்டால் வங்கியிலை போய்க் கொஞ்சநேரம் இருந்திட்டு வரலாமே,” என்றாள் மனைவி பத்மாசினி.

அருளம்பலமோ மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் குளிரறைகள் திருத்தும் சிமியோனைப் பிடித்து வந்தார். இருவரும் துரு சுரண்டினார்கள், தகரம் ஒட்டினார்கள், பெயின்ற் அடித்தார்கள். முதல் தடவை ஏசியைப் போட்டபோது உள்ளேயிருந்து எலிக்கூடு ஒன்று பறந்து வந்து பத்மாசினியின் மடியில் விழுந்தது. அடுத்த தடவை உண்மையாகவே குளிர் வந்தது.

சிமியோன் கையை நீட்டிப் பார்த்தார். “பாரை மீன் வைச்சாலும் பழுதாகாது, அண்ணை.”

ஆனால் கியரைப் போட்டதும் கார் இருமி நின்றது.

“எஞ்சின் சின்னன். உந்தப் பெட்டி அதின்ரை பெலன் முழுக்க இழுக்குது. குளிர் வேணுமெண்டால் நிப்பாட்டி வைச்சிருங்கோ. ஓடவேணுமெண்டால் வேர்க்கத்தான் வேணும்,” என்றார் சிமியோன்.

இதை மட்டும் அருளம்பலம் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. அதனால் கனடாவிலிருந்து வந்த தங்கச்சி மகன் பிரவீணனின் கலியாணத்துக்கு மாப்பிள்ளைக் கார் அந்த ஒஸ்ரின்தான் என்று முடிவானது.

கலியாண நாளன்று, மாப்பிள்ளை ஊர்வலம் புறப்படும் அளவெட்டிப் பிள்ளையார் கோயிலடியில் காரை நிறுத்தி நன்றாகக் குளிரவைத்தார். மாப்பிள்ளை ஏறியதும் ஏசியை நிற்பாட்டிவிட்டு ஓடுவது அவர் திட்டம். பட்டும் தலைப்பாகையுமாக ஏறிய பிரவீணன் கண்ணை மூடிக்கொண்டான்.

“மாமா, இதை மட்டும் நிப்பாட்டிப்போடாதேங்கோ. நான் மயங்கி விழுந்திடுவன்.”

அருளம்பலத்துக்கு மனம் வரவில்லை. கியரைப் போட்டார். கார் இருமி நின்றது. மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் போட்டார். மறுபடியும் நின்றது. மேளக்காரர் தெருமுனைக்கே போய்விட்டார்கள். அந்தக் குளிரிலும் அவருக்கு முதுகு நனைந்தது.

கலியாணத்துக்குப் போட்ட புதுச் சேட்டோடு நின்ற சிமியோனுக்கு விஷயம் விளங்கியது. யன்னலுக்குள் குனிந்தார். “கியரை எடுத்துவிடுங்கோ, அண்ணை. எஞ்சினும் ஏசியும் ஓடிக்கொண்டிருக்கட்டும்.”

பின்னால் போய்த் தள்ளத் தொடங்கினார். சொந்தக்காரர் ஒவ்வொருவராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கைவைத்தார்கள். கார் வாத்துப்போல மெல்ல நகர்ந்தது. தவில்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு அந்த நடைக்கு ஏற்றபடி தாளத்தைக் குறைத்தார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

மண்டப வாசலில் கலியாணப் பொம்பிளையின் தகப்பன் சண்முகநாதன் கையில் மாலையோடு திகைத்து நின்றார்.

“என்ன, கார் பழுதோ?”

அருளம்பலம் வாயைத் திறப்பதற்குள், தட்டத்தோடு வந்த பத்மாசினி முந்திக்கொண்டாள்.

“இல்லையே. எங்கடை பக்கத்திலை மாப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு வாறதுதான் முறை.”

கார் வந்த நாளிலிருந்து அவள் அதற்கு ஆதரவாகச் சொன்ன முதல் வார்த்தை அது. அருளம்பலம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

சண்முகநாதன் முறை தவறாத மனிதர். தாலிகட்டு முடிந்து பொம்பிளை மாப்பிள்ளை இருவரும் காரில் ஏறியதும் சால்வையை இடுப்பில் கட்டினார்.

“அப்ப போகேக்கை தள்ளுறது எங்கடை ஆக்கள்தானே. வாங்கோடா.”

ஏழெட்டுப் பேர் ஓடிவந்தார்கள். சிமியோன் வேர்வையில் நனைந்த சேட்டை உதறிவிட்டு, இந்தத் தடவை முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.