பின்னாடி லைட் எரியுது

அத்தை போட்டது ஒரே ஒரு நிபந்தனைதான். "உங்க வண்டியில மெஷினுக்குக் கரண்ட் வரட்டும் மாப்பிள்ளை. அன்னிக்குக் குழந்தையைக் கூட்டிட்டுப் போங்க."

மெஷின் என்றால் நெபுலைசர். குழந்தை என்றால் அவனுடைய மூன்று வயது மகள். எல்லோருக்கும் அவள் சுண்டெலி. சுண்டெலிக்கு அவ்வப்போது இழுப்பு வரும். முகமூடியை மாட்டி, மெஷினை ஓடவிட்டு, மருந்துப் புகையை உள்ளே அனுப்பினால் அடங்கும்.

மனைவி போன வருஷம் இறந்ததிலிருந்து குழந்தை அத்தை வீட்டில். சனிக்கிழமை எடுத்துவருவான், ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுப்பான், நூலகப் புத்தகம் மாதிரி. போன மாதம் அதற்கும் வேட்டு விழுந்தது. அத்தை வீட்டுக்குத் திரும்பும் வழியில் குழந்தைக்கு இழுக்க ஆரம்பித்தது. மெஷின் பையில் இருந்தது, காரில் மாட்டும் வயரும் இருந்தது, மாட்டத்தான் இடம் இல்லை. அவன் வண்டியை நிறுத்தவில்லை. இதோ வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது என்று லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

அத்தை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர்களையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டவளுக்கு மருமகன் எம்மாத்திரம்? "ஏன் நிறுத்தலை?" என்றாள்.

"நிறுத்தி என்ன பண்றது அத்தை? வண்டியிலதான் கரண்ட் இல்லையே."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். அதுவே நிபந்தனை ஆனது.

கார் மனைவியுடையது. சின்னது, பழையது. சாக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் தொப்புள் மாதிரி ஒரு வட்ட மூடி மட்டும் இருந்தது. கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் பிணத்தைப் பார்ப்பதுபோல அதைச் சுற்றிவந்து, "டேஷ்போர்டு மொத்தமும் கழட்டணும். விட்டுட்டுப் போங்க, பார்க்கலாம்" என்றார். அந்தப் 'பார்க்கலாம்' அவனுக்குப் பிடிக்கவில்லை. மச்சானைக் கூப்பிட்டான்.

மச்சான் மனைவியின் அண்ணன். லிப்ட் மெக்கானிக். "காரா? பன்னெண்டு வோல்ட் மாப்ளே. எங்க வேலையில இதைக் கரண்ட்டுன்னே சொல்ல மாட்டாங்க. கூச்சம் காட்டுறதுன்னு சொல்லுவாங்க."

சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே வேலை ஆரம்பமானது. தெரு சரிவு. கார் மூக்கைக் கீழே நீட்டிக்கொண்டு நின்றது. அதன் ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். முன்பு ஒரு தடவை கார் தானாக உருண்டு போய்க் குப்பைத்தொட்டியில் மோதியது. தொட்டி அசையவில்லை, பம்பர் விழுந்தது. அன்றைக்கு மனைவி சட்டம் போட்டாள்: நிறுத்தினால் ரிவர்ஸ் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். அவன் இறங்கியதும் எட்டிப் பார்த்துச் சரிபார்ப்பாள். இப்போது சரிபார்க்க ஆள் இல்லை. ஆனாலும் அவன் ரிவர்ஸில் போட்டுவிட்டுத்தான் இறங்கினான்.

மச்சான் ஸ்க்ரூடிரைவரால் மூடியை நெம்பினார். பின்புறம் இளஞ்சிவப்பாக ஒரு கட்டி ஒட்டியிருந்தது. சூயிங்கம். கல்லாகிப் போயிருந்தது. பல் தடம் அப்படியே தெரிந்தது.

"என் தங்கச்சி வேலை. அவளுக்கு உலகத்துல எது ஆடினாலும் இதுதான் மருந்து. என் சைக்கிள் பெல்லை இப்படித்தான் ஒட்டினா. மழை வந்ததும் பெல் அடிக்கல, மென்னுச்சு." மூடியை விரலால் சுண்டினார். "தூக்கிப் போடட்டுமா?"

"போடுங்க."

மச்சான் கையை ஓங்கினார்.

"இல்ல, இருக்கட்டும். மூடி திரும்பத் தேவைப்படலாம்."

சாக்கெட் மாட்டியபிறகு மூடி எதற்கு என்று மச்சான் கேட்கவில்லை. அதை டேஷ்போர்டின் மேல் வைத்துவிட்டுத் தலையைக் கீழே நுழைத்தார்.

"பேட்டரியில இருந்து நேரா எடுத்துடலாமா மச்சான்?"

"எடுக்கலாம். நீ எதையாவது மாட்டிட்டு மறந்துட்டுப் போவே. காலையில வண்டி முறைச்சுப் பார்க்கும். சாவி போட்டா கரண்ட் வரணும், எடுத்தா போகணும். அப்படி ஒரு வயரைப் பிடிக்கணும்."

அவரிடம் டெஸ்ட் லேம்ப் இருந்தது. கைப்பிடிக்குள் ஒரு குட்டி பல்பு, ஒரு முனையில் ஊசி, மறு முனையில் கிளிப். கிளிப்பைக் கார் உடம்பில் கவ்வவிட்டு, கம்பளத்துக்கு அடியில் ஓடும் வயர்களை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தினார். அவன் ஓட்டுநர் இருக்கையில் சாவியோடு உட்கார்ந்திருந்தான்.

"போடு. எடு. ம்ஹூம். போடு. எடு. இது செவிடு. போடு."

கியர் கம்பிக்குப் பக்கத்தில் பச்சை வயர் ஒன்றைக் குத்தியதும் பல்பு எரிந்தது. எடுத்தான், அணைந்தது. போட்டான், எரிந்தது.

"பாத்தியா? சொன்ன பேச்சு கேக்குது. உன் பொண்ணு மாதிரி இல்ல."

மேலே பால்கனியில் மாடி வீட்டுக்காரர் வந்து நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு தெருவுக்கே அவர்தான் வர்ணனையாளர்.

"தம்பி! பின்னாடி லைட் எரியுது!"

"வெயில் சார்!" மச்சான் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து கத்தினார். "வெயில் பட்டு மின்னுது!"

"வெள்ளையா எரியுதுப்பா!"

"வெயில் வெள்ளையாத்தான் சார் இருக்கும்!"

அவன் பார்க்க எழுந்தான். "நீ உட்காரு, சாவியை விடாதே" என்றார் மச்சான். "அவருக்குக் கண்ணாடி மாத்தணும். போன தடவை என்னைப் பார்த்து உன் மாமனாரான்னு கேட்டார்." அவன் உட்கார்ந்துவிட்டான்.

பச்சை வயரிலிருந்து ஓர் இணைப்பு, நடுவில் தனி பியூஸ், எர்த்துக்காக இன்னொரு வயர் கார் உடம்பில் ஒரு திருகாணியில். தொப்புள் இருந்த ஓட்டையில் சாக்கெட் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. மெஷினை மாட்டினார்கள். சாவியைத் திருப்பினான். மெஷின் ரீங்காரம் போட்டது. முகமூடியில் புகை வந்தது.

"முடிஞ்சது. கிளம்பு, குழந்தையைத் தூக்கிட்டு வரலாம்" என்றார் மச்சான். வயர் காலில் மாட்டும் என்று மெஷினைக் கழற்றிப் பையில் வைத்தார்கள். வழியெல்லாம் மச்சான் தன் தொழிலின் பெருமையைப் பேசிக்கொண்டு வந்தார். சாக்கெட்டை யாரும் தொடவில்லை.

அத்தை வீட்டு வாசலில் நிறுத்தினான். அங்கே சரிவு இல்லை. இருந்தாலும் கை தானாக ரிவர்ஸில் போட்டது.

அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையைப் பின்னால் மச்சானிடம் கொடுத்துவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். டேஷ்போர்டில் இருந்த மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அது என்ன பாட்டி?" என்றாள் சுண்டெலி.

"உங்கம்மா மென்ன சூயிங்கம்."

"சீ, எச்சி!"

அத்தை மூடியைக் கவனமாக இருந்த இடத்திலேயே வைத்தாள். "ம். போடுங்க மாப்பிள்ளை."

மெஷினை மாட்டிச் சாவியைத் திருப்பினான். ரீங்காரம். அத்தை முகமூடியை உள்ளங்கையில் கவிழ்த்துப் புகையைச் சோதித்தாள். தலை பாதி ஆடியது. மீதிப் பாதியை அவன் எதிர்பார்த்தான்.

"ஓடும்போதும் பார்க்கணும். தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வாங்க."

கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்கு மாற்றி, இன்ஜினைக் கிளப்பினான். ரீங்காரம் நின்றது. முதல் கியர் போட்டான். கார் நகர்ந்தது. மெஷின் மூச்சுவிடவில்லை.

"மெஷின் செத்துப்போச்சு" என்றாள் சுண்டெலி.

மூன்று பெரியவர்களும் ஒரு வருஷமாக வாயில் வராமல் பார்த்துக்கொண்ட வார்த்தை. கார் மட்டும் ஊர்ந்தது.

"லூஸ் கனெக்‌ஷன்" என்றார் மச்சான் கடைசியில். "அடி ஒண்ணு போடு."

அடித்தான். ஒன்றும் நடக்கவில்லை. தெரு முட்டுச்சந்து. திருப்புவதற்காக ரிவர்ஸ் போட்டான். மெஷின் பாட ஆரம்பித்தது. முன்னால் எடுத்தான், நின்றது. பின்னால் எடுத்தான், பாடியது.

"அப்பா, பின்னாடி போ! பின்னாடி போனா பாடுது!"

பின்கண்ணாடியில் பார்த்தான். பின்னால் இருந்த சுவரில் வெள்ளை வெளிச்சம் விழுந்திருந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் பிடித்தது ரிவர்ஸ் லைட்டின் வயர். ரிவர்ஸில் நின்ற வண்டியில் வேலை பார்த்தார்கள். மாடி வீட்டுக்காரர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்.

அதைச் சொன்னான். அத்தை மெதுவாகப் பின்னால் திரும்பினாள்.

"டேய், என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"அம்மா, லிப்ட்ல மேலயும் கரண்ட் உண்டு, கீழயும் உண்டு. முன்னாடி பின்னாடிங்கிற பாகுபாடெல்லாம் எங்க தொழில்ல கிடையாது."

"உன் லிப்ட்ல ஏறுறவங்களை நினைச்சாத்தான் வயித்தைக் கலக்குது." அவன் பக்கம் திரும்பினாள். "இன்ஜினை அணைங்க. சாவி இருக்கட்டும். ரிவர்ஸ்ல போடுங்க."

போட்டான். நின்ற காரில் மெஷின் ஓடியது.

"இப்படி நின்னா ஓடும்?"

"ஓடும் அத்தை."

"முன்னாடி போனா?"

"ஓடாது."

இனி சனிக்கிழமைகளே இல்லை என்று நினைத்தான்.

"அரை மணி நேரம் கொடும்மா" என்று மச்சான் அவசரப்பட்டார். "வேற வயருக்கு மாத்திடறேன்."

"அதுல கை வெச்சே, விரலை ஒடிச்சுடுவேன்." அத்தை முகமூடியைத் துடைத்தாள். "அன்னிக்கு நான் கரண்ட் ஏன் இல்லைன்னா கேட்டேன்? ஏன் நிறுத்தலைன்னு கேட்டேன். இவருக்கு நிறுத்தத் தெரியாதுடா. எது நடந்தாலும் போயிட்டே இருப்பார். அவ போன மறுவாரம் ஆபீஸுக்குக் கிளம்பின ஆளு."

அவன் ஸ்டியரிங்கையே பார்த்தான். பொய் இல்லை. சட்டைக்கு இஸ்திரி வேறு போட்டுக்கொண்டு போனான்.

"குழந்தைக்கு இழுத்தா ஓரங்கட்டணும். அது முகத்தைப் பார்த்துக்கிட்டு உட்காரணும். ஓடுற வண்டியில மெஷின் வேலை செஞ்சா இவர் நிறுத்தவே மாட்டார். இதுல நிறுத்தினாத்தான் வேலை செய்யும். இப்படியே இருக்கட்டும்."

"சரி அத்தை" என்றான். இன்னொரு தடவையும் சொன்னான்.

"குழந்தையோட பை கட்டிலுக்கு அடியில ரெடியா இருக்கு" என்றாள் அத்தை. "நேத்தே எடுத்து வெச்சேன்."

மச்சான் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டார். சாப்பாட்டோடு திட்டும் கிடைக்கும், எப்படியும் நஷ்டமில்லை. குழந்தையைப் பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்காரவைத்து அவன் மெதுவாக ஓட்டினான். மூன்று இடத்தில் ஓரங்கட்டி நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். இழுப்பு ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை சுண்டெலிக்கே அலுத்துவிட்டது. "எதுக்குப்பா நிக்கிறே? போ" என்றாள்.

வீட்டு வாசலில், சரிவில், நிறுத்தினான். இன்ஜினை மட்டும் அணைத்தான், சாவியை எடுக்கவில்லை. ரிவர்ஸில் போட்டான். யாரும் கழற்றாமல் விட்ட மெஷின் ரீங்காரத்தை ஆரம்பித்தது. சுண்டெலி கைதட்டினாள்.

பால்கனியில் ஒரு தலை நீண்டது.

"தம்பி! இப்பவும் பின்னாடி லைட் எரியுது!"

அவன் கண்ணாடியை இறக்கினான்.

"எரியட்டும் சார்."